பெரட்டு என்றுதான் எழுதியிருக்கிறேன்

நான் ஆறாம் வகுப்போடு நின்றுவிட்டவள். அந்த ஆறு வகுப்பையும் மலேசியாவில், ஜொகூர் மாநிலத்து ரப்பர் தோட்டம் ஒன்றின் தமிழ்ப் பள்ளியில் படித்தேன். அதன் பிறகு பேனா பிடித்தது குறைவு. எழுத்து கோணும். வெள்ளிக்கிழமை நடந்ததை வியாழக்கிழமையில் வைத்துவிடுவேன். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். எங்கள் முசிறி நூலகத்தில் வேலை செய்யும் செல்வி, ஆண்டு மலருக்கு எழுதித் தாருங்கள் என்று விடாமல் கேட்டாள். நான் நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூச்சப்படுகிறவள். எழுதினால் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லையே என்று ஒத்துக்கொண்டேன்.

என் அக்கா தனபாக்கியம் அந்தத் தோட்டம் இருந்த பொந்தியானில் இருக்கிறாள். நாங்கள் குடும்பத்தோடு இந்தியாவுக்குக் கப்பல் ஏறியபோது அவளுக்குக் கல்யாணம் ஆகியிருந்ததால் அங்கேயே தங்கிவிட்டாள். அப்பாவிடம் இருந்தது சிவப்பு அட்டை. அதாவது குடியுரிமை இல்லை. அப்படிப்பட்டவர்களுக்கு வேலை பெர்மிட் வேண்டும் என்று சட்டம் வந்ததும் அவருக்கு வேலை போயிற்று. எனக்கு அப்போது பன்னிரண்டு பதின்மூன்று வயதிருக்கும். அதற்குப் பிறகு அக்கா இரண்டு தடவை முசிறிக்கு வந்தாள். நான் ஒரு தடவையும் போனதில்லை. இப்போது அவளுக்கு முழங்கால் முடியவில்லை. "இனிமே நீதான் வரணும் பாப்பா" என்று போனில் அழுதாள். போனேன்.

செனாய் விமான நிலையத்துக்கு அக்காவின் மகன் ராஜு தன் பழைய வேனில் வந்திருந்தான். வெளியே வந்ததும் மழை. எங்கள் ஊர் மழை நமக்குச் சொல்லிவிட்டு வரும். அந்த ஊர் மழை அண்டாவைக் கவிழ்த்த மாதிரி கொட்டிவிட்டு ஒன்றும் நடக்காததுபோல் வெயிலாகிவிடும். இதை நான் மறந்தே போயிருந்தேன். உடம்பு மறக்கவில்லை. முதல் துளி விழுமுன்னே கை தானாகத் தலைக்குப் போயிற்று.

பாதி வழியில் வேன் நின்றுவிட்டது. ராஜு மூடியைத் தூக்கிவிட்டு உள்ளே பார்த்தபடி நின்றான். சாலையோரத்தில் அன்னாசிப் பழக் கடை. சீனக் கிழவி ஒருத்தி பழத்தைச் சுற்றிச் சுற்றிச் செதுக்கி, கண்களை எடுத்து, உப்பும் மிளகாயும் தொட்டு என்னிடம் நீட்டினாள். மலாயில் ஏதோ கேட்டாள். எனக்கு மலாய் தெரியாது என்றுதான் இத்தனை வருஷமாக நினைத்திருந்தேன். ஆனால் என் வாய் "சூடா லாமா" என்று பதில் சொல்லிவிட்டது. ரொம்ப நாளாயிற்று என்று அர்த்தம். அவள் கேட்டதற்கு அது சரியான பதிலா என்று இன்றுவரை தெரியாது.

வேன் கிளம்பிய பிறகு ராஜு தயங்கித் தயங்கிச் சொன்னான். "சின்னம்மா, வீட்ல கொஞ்சம் சங்கடம். லோகன் ரூம்ப விட்டு வெளிய வர்றதில்ல. நீங்க ஒண்ணும் நெனச்சுக்காதீங்க."

லோகன் ராஜுவின் இளைய மகன், லோகநாதன். இருபத்து நாலு வயது. மோட்டார் சைக்கிள் பட்டறையில் வேலை. மூத்தவன் சிவகுமார் நாலு வருஷத்துக்கு முன் சாலை விபத்தில் இறந்துவிட்டான். அது எனக்குத் தெரியும். சங்கடம் என்ன என்பதை அன்று சாயங்காலம் ராஜுவின் மனைவி வசந்தா சொன்னாள். வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னதால் எதற்கு அழுகிறாள் என்று தெரியவில்லை.

சிவா ஆஸ்பத்திரியில் பிறந்தான், பதிவாயிற்று. லோகன் மழை வெள்ளத்தில் பாதை அடைபட்டபோது தோட்ட வீட்டிலேயே பிறந்துவிட்டான். அப்புறம் பதியலாம் என்று இருந்தார்கள். அப்புறம் போனபோது இந்தத் தாள், அந்தச் சாட்சி என்றார்கள். கேட்டதையெல்லாம் கொடுத்தும் இன்னும் ஐசி, அதாவது அடையாள அட்டை, வரவில்லை. அந்த ஊரில் அது இல்லாவிட்டால் லைசென்ஸ் கிடையாது, வங்கிக் கணக்கு கிடையாது, விளையாட்டுக் குழுவில்கூடப் பெயர் கொடுக்க முடியாது.

லோகன் ரக்பி ஆடுவான். பந்து என்கிறார்கள், எனக்கு அது உரிக்காத தேங்காய் மாதிரி இருந்தது. அந்த ஊர்க் குழுவில் மலாய்க்காரர், தமிழர், சீனர் எல்லாரும் உண்டு. சட்டையில் அன்னாசிப் பழம் வரைந்திருக்கும். சிவாவும் அதில் ஆடியவன்தான். அவன் போன பிறகு, முகச்சாயல் ஒன்றாக இருக்கிறதே என்று யாரோ யோசனை சொல்ல, லோகன் செத்துப்போன அண்ணனின் ஐசியைக் காட்டிச் சேர்ந்துவிட்டான். இரண்டு வருஷம் ஊரே "சிவா, சிவா" என்று கத்தியது. குழுவில் பாதிப் பேருக்கு விஷயம் தெரியும். போன வருஷம் கோப்பை ஜெயித்தார்கள்.

"எப்படித் தெரிஞ்சுபோச்சு?" என்று கேட்டேன்.

வசந்தா கத்தியைக் கீழே வைத்தாள். "நாந்தான் சின்னத்தை காட்டிக் குடுத்தேன்."

அங்கே தமிழ்ப் பத்திரிகைகளில் இறந்தவர் படத்தைப் போட்டு வருஷா வருஷம் நினைவாஞ்சலி கொடுப்பது வழக்கம். இவளும் சிவாவுக்குக் கொடுத்துவந்தாள். அந்த வருஷம் திதியும் கோப்பையும் ஒட்டினாற்போல் வந்துவிட்டன. ஒரே நாள் பத்திரிகையில், உள்பக்கத்தில் மாலை போட்ட சிவகுமார். கடைசிப் பக்கத்தில் சேறு பூசிய முகத்தோடு சிறந்த ஆட்டக்காரர் சிவகுமார். தோற்ற குழுவில் யாரோ இரண்டையும் படம் பிடித்துப் போனில் பரப்பிவிட்டார்கள்.

ரக்பி சங்கத்தார் கோப்பையைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். ஒரு வருஷம் எந்தப் போட்டியிலும் ஆடக்கூடாது என்று குழுவைத் தடுத்துவிட்டார்கள். அண்ணனின் ஐசியைப் பறித்து, இனி இப்படிச் செய்யாதே என்று எச்சரித்து அனுப்பினார்களாம். ஊர்ப் பெயர் கெட்டதே என்று சிலர் முகம் கொடுத்துப் பேசவில்லை. லோகன் பட்டறைக்குப் போவதையும் நிறுத்திவிட்டான். அறை வாசலில் தட்டை வைத்தால், யாரும் இல்லாத நேரம் பார்த்து எடுத்துக்கொள்வான்.

மறுநாள் வசந்தாவும் நானும் பஸ்ஸில் ஜொகூர் பாருவுக்குப் போனோம். கோயிலில் லோகன் பேருக்கு அர்ச்சனை செய்ய வேண்டும் என்றாள். குருக்கள் "பேரு, நட்சத்திரம்?" என்று கேட்டதும் அவள் "சிவ..." என்று ஆரம்பித்து அப்படியே நின்றுவிட்டாள். பின்னால் வரிசை நிற்கிறது. குருக்கள் சிவன் பேருக்கா என்று கேட்டார். அவள் தலையை ஆட்டிவிட்டு, "லோகநாதன், சுவாதி" என்றாள். இரண்டு வருஷமாக வெளியே அந்தப் பேரைச் சொல்லிப் பழக்கம் விட்டுப்போயிற்று என்று படியில் உட்கார்ந்து சொன்னாள். இன்னொன்றும் சொன்னாள். ஆட்டம் அவளுக்குப் புரியாதாம். ஊரே தன் பெரிய மகன் பேரைக் கூப்பிடுவதைக் கேட்கத்தான் ஒவ்வொரு வாரமும் மைதானத்துக்குப் போனாளாம்.

அந்தக் கவலையில் திரும்பும்போது தப்பான பஸ்ஸில் ஏறிவிட்டோம். கூட்டம் தள்ளியது, ஏறினோம். பார்த்தால் அது பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூர் போகிற பஸ். எல்லார் கையிலும் பாஸ்போர்ட். மலாய்க்கார டிரைவர் எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு, மாக்சிக், சிங்கப்பூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டீர்களா என்று கேட்டார். மாக்சிக் என்றால் அத்தை, சித்தி மாதிரி. அடுத்த நிறுத்தத்தில் இறக்கி, எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று கை நீட்டிக் காட்டினார். அங்கிருந்து தண்ணீருக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூர்க் கட்டடங்கள் தெரிந்தன. லோகனுடைய கூட்டாளிகள் பாதிப் பேர் தினமும் அங்கே போய் வருகிறார்கள், இவன் மட்டும் இந்தக் கரையோடு சரி என்றாள் வசந்தா. பசிக்கு ரொட்டி சானாயும் தேத்தண்ணியும் சாப்பிட்டோம். நம் ஊர்ப் பரோட்டாவைவிட மெல்லிசு. சால்னாவுக்குப் பதில் பருப்புக் குழம்பு ஊற்றுகிறார்கள். முதலில் ஒப்பவில்லை, அப்புறம் இன்னொன்று கேட்டேன்.

சனிக்கிழமை காலை வீட்டு வாசலில் இரண்டு பேர் வந்து நின்றார்கள். ஒருவன் குழுவின் கேப்டன் ஹபீஸ், கதவு மாதிரி தோள். இன்னொருவர் மணியம், அறுபது வயதுக்காரர். தொழிற்சாலை வாசலில் காவலாளி. அவர் அப்பா தோட்டத்தில் மண்டோராக இருந்து ஆட்களை மேய்த்தவர் என்பதால் இவரையும் ஊர் மண்டோர் என்றுதான் கூப்பிடுகிறது.

நாளைக்குச் செனாய்க் குழுவோடு சும்மா ஒரு ஆட்டம் வைத்திருக்கிறோம் என்றார்கள். சங்கத்துப் போட்டி இல்லை, ஐசி கேட்க யாரும் வரமாட்டார்கள். ஊர் கலைந்துபோகவில்லை என்று காட்ட வேண்டும், லோகன் வர வேண்டும். ஹபீஸ் அறைக் கதவில் நெற்றியை வைத்து மலாயில் மெதுவாகப் பேசினான். அக்கா எனக்குச் சொன்னாள். கோப்பை போனது போகட்டும், நீ இல்லாமல் என் இடது பக்கம் ஓட்டையாகக் கிடக்கிறது என்கிறானாம்.

மணியம் தொண்டையைச் செருமினார்.

"டே லோகா. நாளைக்குப் பெரட்டு இருக்கு. நான் கூப்பிடுவேன். அவ்வளவுதான்."

அந்தச் சொல்லைக் காதால் கேட்டு எத்தனை வருஷமாயிற்று. தோட்டத்தில் விடியுமுன் எல்லாரும் ஒரு திடலில் வரிசையாக நிற்க வேண்டும். கிராணி, அதாவது தோட்டத்துக் கணக்கர், ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார், "இருக்கேன்" என்று அவரவர் வாயால் சொல்ல வேண்டும். அதற்குப் பெரட்டு என்று பெயர். மூன்று தடவை கூப்பிட்டும் பதில் இல்லாவிட்டால் அன்றைக்கு வேலை இல்லை. பக்கத்தில் நிற்பவர் சேர்த்துச் சொன்னால் செல்லாது. நான் அம்மா புடவையைப் பிடித்துக்கொண்டு தூக்கக் கலக்கத்தில் நிற்பேன். அப்பா பெயர் வரும்போது மட்டும் விழித்துக்கொள்வேன். அவருக்கு வீட்டில் பேசும் குரல் வேறு, பெரட்டில் "இருக்கேன்" என்னும் குரல் வேறு.

நாங்கள் இருந்த அந்தத் தோட்டம் போய் இப்போது எண்ணெய்ப் பனையும் வீடுகளும் வந்துவிட்டன. அந்தப் பெரட்டுத் திடல்தான் ரக்பி மைதானம். அதனால் ரசிகர் கூட்டத்துக்குப் பெரட்டுக் குழு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன் மணியம் ஒலிபெருக்கியில் ஆட்டக்காரர்கள் பெயரைக் கூப்பிடுவார், ஹபீஸ்கூடத் தமிழில் "இருக்கேன்" என்பான். இரண்டு வருஷமாக லோகன் "சிவகுமார்" என்ற பெயருக்கு "இருக்கேன்" சொல்லிவந்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா பழைய சட்டையைத் துவைத்துக் காயவைத்து, அறைக் கதவுக் கைப்பிடியில் மாட்டினாள். நாங்கள் வேனில் ஏறி உட்கார்ந்தோம். ராஜு வண்டியைக் கிளப்பாமல் கண்ணாடியைத் துடைத்தான். துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தான். லோகன் வந்து கடைசி இருக்கையில் உட்கார்ந்தான். சட்டையைப் போட்டிருக்கவில்லை, கையில் சுருட்டி வைத்திருந்தான். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அவ்வளவு கூட்டம் இருக்கும் என்று ராஜுவே நினைக்கவில்லை. தார்ப்பாய்க் கொட்டகை, வாழை இலையில் மடித்த நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோறு, உறுமி மேளம். தலையில் அன்னாசிக் கொண்டையை நாரால் கட்டிக்கொண்டு பெரிய மனிதர்கள் நிற்கிறார்கள். வீட்டோடு பேச்சை நிறுத்திய மீ கடை, அதாவது நூடுல்ஸ் கடை, வைத்திருக்கும் லிம், சோயாப் பால் டின்னைச் சுமந்துகொண்டு வந்து அக்காவிடம் ஒரு குவளை நீட்டினார். முகத்தைப் பார்க்கவில்லை, ஆனால் சர்க்கரை அதிகம் போட்டிருந்தார். அக்காவுக்கு அப்படித்தான் பிடிக்கும்.

அந்தப் பக்கம் செனாயிலிருந்து வந்த ரசிகர்கள். அவர்களிலும் நம் பிள்ளைகள் நிறைய. ஒரு துணியைப் பிரித்துப் பிடித்தார்கள். "புரட்டுக் குழுவே வருக" என்று எழுதியிருந்தது. பெரட்டைப் புரட்டு ஆக்கிவிட்டார்கள், ஏமாற்றுக்காரர்கள் என்று. எங்கள் பக்கம் சத்தம் அடங்கிவிட்டது. மணியம் மட்டும் ஒலிபெருக்கியைத் தூக்கினார்.

"டே செனாயி. பெ-வுக்குக் கொம்ப எங்கடா காணோம்? எந்த ஸ்கூல்டா நீங்க?"

"கொம்பு உங்க ஆளுக்குத்தான் மொளச்சிருக்கு பாஸ். செத்தவன் எந்திரிச்சு வந்து ஆடுறான்லா" என்று அங்கிருந்து பதில் வந்தது. சிரித்தார்கள். வசந்தா என் கையைப் பிடித்தாள்.

மணியம் பெயர் கூப்பிட ஆரம்பித்தார். ஹபீஸ். இருக்கேன். அடுத்தவன், அதற்கடுத்தவன். சீனப் பையன் ஒருவன் "இலுக்கேன்" என்றான். லோகன் வரிசையில் இல்லை. வேனுக்குப் பக்கத்தில், எங்களோடு, சட்டையைக் கையில் சுருட்டியபடி நின்றிருந்தான்.

"லோகநாதன்."

மைதானத்தில் அந்தப் பெயரை யாரும் அதுவரை கேட்டதில்லை. உறுமி நின்றது. லோகன் தரையைப் பார்த்தான்.

"லோகநாதன்."

"இன்னிக்கு எந்தப் பேர்ல வருவானாம்?" என்று செனாய்ப் பக்கம் ஒருவன் கேட்டான். லோகன் தன் அம்மாவைப் பார்த்தான். அவள் முகம் எப்படி இருந்தது என்று எனக்கு எழுதத் தெரியவில்லை. இவன் வாயைத் திறந்துவிட்டால் பெரியவன் பெயரை இனி யாரும் இந்தத் திடலில் கூப்பிடப் போவதில்லை. அது அவளுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

"உன்னத்தான்டா கூப்பிடுறாங்க" என்றாள் வசந்தா. "சொல்லு."

"லோகநாதன்." மூன்றாவது.

"இருக்கேன்."

பக்கத்தில் நின்ற எனக்கே சரியாகக் கேட்கவில்லை. மணியம் காதில் கை வைத்து, பழைய கிராணி மாதிரியே முகத்தைச் சுளித்தார். "கேக்கல."

"இருக்கேன்!"

கூட்டம் முழுவதும், மலாய்க்காரர், சீனர் எல்லாரும், "இருக்கான்!" என்று திருப்பிச் சொன்னது. பனை மரத்துப் பறவைகள் கிளம்பிவிட்டன. என் பக்கத்தில் ஒரு பொம்பளை கத்துகிறாளே, யார் இது என்று பார்த்தேன். நான்தான்.

ஆட்டத்தைப் பற்றி எழுத எனக்கு அறிவு போதாது. பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு முன்னால் ஓடுகிறார்கள், கொடுப்பது மட்டும் பின்னால் வருகிறவனிடம்தான். முன்னால் கொடுத்தால் விசில் ஊதிவிடுகிறார்கள். ஏன் என்று அக்காவைக் கேட்டேன். "எனக்கென்னாடி தெரியும், நான் கத்த வர்றேன்" என்றாள். சேற்றில் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். லோகன் இடது ஓரமாகப் பந்தோடு ஓடியபோது லிம் பழக்கத்தில் "சிவா, சிவா" என்று கத்திவிட்டார். பக்கத்தில் இருந்தவர் அவர் தொடையில் தட்டி, "லோகன்லா" என்றார். லிம் நாக்கைக் கடித்துக்கொண்டு வசந்தாவைத் திரும்பிப் பார்த்தார்.

"பரவால்ல அங்கிள்" என்றாள் வசந்தா. "ரெண்டும் என் பிள்ளைங்கதான்."

கிளம்பும் நாளில் லோகனும் செனாய்க்கு வந்தான். திங்கட்கிழமையே பட்டறைக்குப் போய்விட்டான், அன்று எனக்காக அரை நாள் லீவு. ஐசிக்கு மறுபடி எழுதிப் போட ஹபீஸின் அக்காவான வக்கீல் உதவுகிறாளாம். கிடைக்குமா என்று யாருக்கும் தெரியாது. விமான நிலையத்தில் என் பாஸ்போர்ட்டைப் பார்க்கலாமா என்று கேட்டான். கொடுத்தேன். ஈரக் கையைக் காற்சட்டையில் துடைத்துவிட்டு வாங்கினான். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான்.

"பாட்டி, இந்தியா பாஸ்போர்ட்ல ‘பிறந்த இடம் பொந்தியான்’னு போட்டிருக்கு. இங்க பொறந்தீங்கன்னு உங்களுக்கு எழுதிக் குடுத்துட்டாங்க, எனக்குத்தான் குடுக்கல."

நானும் சிரித்தேன். விமானத்தில் ஏறி உட்கார்ந்த பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

செல்வி, இதை அச்சுக்குக் கொடுக்குமுன் யாரையாவது வைத்துச் சரிபார்த்துவிடு. ரக்பியில் ஒரு பக்கத்துக்கு எத்தனை பேர், அந்த ஆட்டத்தில் ஜெயித்தது யார், எனக்கு ஞாபகம் இல்லை. தோற்றோம் என்றுதான் நினைக்கிறேன், ஆனால் எல்லாரும் சந்தோஷமாக இருந்ததால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. சூடா லாமா என்பதையும் மலாய் தெரிந்தவர் யாரிடமாவது கேள். பையனுடைய பெயரை அவன் அம்மாவிடமே கேட்டு எழுதினேன், அது சரி. பெரட்டு என்று நான் எழுதியிருக்கும் இடத்தில் அச்சுக்காரர்கள் கொம்பை எடுத்துவிட்டுப் புரட்டு என்று திருத்தப் பார்ப்பார்கள். விடாதே. அது எழுத்துப் பிழை இல்லை.